பட்டத்தின் விலையும் பட்டத்தின் மதிப்பும்: மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் நூறாண்டுக் கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் கோடையில் தேர்வு முடிவுகள் வந்தபின் இந்தியக் குடும்பங்களில் ஒரு கணக்கு போடப்படுகிறது. சொந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு. ஊருக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்துக்கு வேலை கிடைக்குமா? மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ தனியார் நிறுவனத்துக்கோ போனால் செலவு கூடும், பெயர் கிடைக்கும். இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் அனைவரும் அதைத் தங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சிக்கலாகவே கருதுகிறார்கள். உண்மையில் இது அரசுகள் போட்ட கணக்கு. ஒரு நூற்றாண்டுக்கு முன் மைசூர் சமஸ்தானம் இதே கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டது. அன்று அது சொன்ன விடையும், பிற்காலத்தில் அந்த விடை படிப்படியாகத் திரும்பப் பெறப்பட்ட விதமும் தெரிந்தால்தான் இன்றைய மாணவரின் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

பட்டம் எதற்கு மதிப்புப் பெற்றது?

இந்தியாவில் பல்கலைக்கழகம் பிறப்பதற்கு முன்பே படிப்புக்கும் அரசு வேலைக்கும் முடிச்சுப் போடப்பட்டுவிட்டது. ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் பிரபுவின் ஆட்சி 1844இல் அறிவித்தது. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றின. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட இவை தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கின. வகுப்பறையும் ஆசிரியரும் கல்லூரியின் செலவு. முத்திரை மட்டும் பல்கலைக்கழகத்தினுடையது.

அந்த முத்திரையின் மதிப்பு உடனடியாகத் தெரிந்தது. 1858இல் கல்கத்தாவின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகத் தேறிய இருவரில் ஒருவர் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர். அதே ஆண்டில் அவர் துணை மாஜிஸ்திரேட்டாக நியமிக்கப்பட்டார். பட்டத்துக்கும் பதவிக்கும் இடையே சில மாதங்களே இருந்தன. அவர் பெற்ற கல்வியின் ஆழத்தால் மட்டும் இது நிகழவில்லை. பட்டத்தை அளித்த அமைப்பும் வேலையை அளித்த அமைப்பும் ஒரே ஆட்சியின் இரு கைகளாக இருந்தன. ஒரு கை எழுதிக் கொடுத்ததை மறு கை மறுக்கவில்லை.

செலவில்லாத ஏற்பாட்டை மைசூர் ஏன் கைவிட்டது?

மைசூர் சமஸ்தானத்தில் மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் இருந்தன. இரண்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. பாடத்திட்டம் சென்னையில் வகுக்கப்பட்டது. தேர்வு சென்னை நடத்தியது. பட்டம் சென்னையின் பெயரில் வந்தது. கணக்குப்பிள்ளையின் பார்வையில் இது மிகச் சிக்கனமான ஏற்பாடு. சுமார் 58 லட்சம் மக்கள்தொகை கொண்ட ஒரு சமஸ்தானம் தனக்கென்று ஒரு பல்கலைக்கழகத்தை ஏன் கட்டித் தீனி போட வேண்டும்?

இந்தக் கேள்விக்கான விடையைத் தம் வாழ்க்கையிலேயே வைத்திருந்தவர் 1912இல் திவானான மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா. அவர் சென்ட்ரல் கல்லூரியில் படித்து, 1881இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். பொறியியல் படிக்கச் சமஸ்தானத்தில் வழியில்லை. மைசூர் அரசின் உதவியோடு புனே சென்றார். படித்து முடித்தபின் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். 1909இல்தான் தலைமைப் பொறியாளராக மைசூருக்குத் திரும்பினார். பணம் கொடுத்தது மைசூர். பொறியாளரைப் பெற்றது பம்பாய். சொந்தப் பல்கலைக்கழகம் இல்லாத நாடு ‘மிச்சப்படுத்திய’ தொகை எங்கே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்குப் பின்னால் வேலை பற்றிய ஒரு மனத்தாங்கலும் இருந்தது. 1881இல் ஆட்சி உடையார் வம்சத்துக்குத் திரும்பியபின் திவான்களாக இருந்த ரங்காச்சார்லு, சேஷாத்ரி ஐயர் ஆகியோர் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். உயர்பதவிகளில் ‘மதராசி’களின் கை ஓங்கியிருப்பதாக மைசூர்க்காரர்கள் குறைபட்டார்கள். பட்டமும் சென்னையினுடையது, பதவியில் இருப்பவரும் சென்னையிலிருந்து வந்தவர் என்னும் நிலையில், சொந்தப் பல்கலைக்கழகம் என்பது கல்விக் கோரிக்கையாகவும் வேலைக் கோரிக்கையாகவும் ஒருசேர எழுந்தது.

சி.ஆர். ரெட்டி, தாமஸ் டென்ஹாம் ஆகியோர் பிற நாட்டுக் கல்வி முறைகளை ஆராய்ந்து அளித்த அறிக்கைகளை அரசு பரிசீலித்தது. 1916 ஜூலை 27 அன்று மைசூர்ப் பல்கலைக்கழகம் உருவானது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் வேந்தர், எச்.வி. நஞ்சுண்டய்யா முதல் துணைவேந்தர். ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு வெளியே இந்தியாவில் தோன்றிய முதல் பல்கலைக்கழகம் இது.

யாருடைய மதிப்பு?

பல்கலைக்கழகம் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில் அடுத்த கேள்வி எழுந்தது. பட்டம் மைசூரினுடையதாக ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பட்டம் எந்த மைசூர்க்காரருக்கு வேலை தரும்? அரசுப் பணிகளில் பிராமணர் அல்லாதோரின் பங்கு மிகச் சிறிதாக இருந்தது. இதுகுறித்து ஆராய 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைந்தது. தகுதியும் திறமையுமே அளவுகோலாக இருக்க வேண்டும் என்று கருதிய விசுவேசுவரய்யா, இந்தக் கருத்து வேறுபாட்டினால் அதே ஆண்டில் பதவி விலகினார். ஏழு ஆண்டுகளுக்குள் உயர்பதவிகளில் பாதிக்குக் குறையாமலும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரு பங்கும் பிராமணர் அல்லாத சமூகத்தினருக்குச் சேர வேண்டும் என்று மில்லர் குழு பரிந்துரைத்தது.

பல்கலைக்கழகத்தை எழுப்பியவர் விசுவேசுவரய்யா. அதன் பட்டத்தைப் பெரும்பான்மைச் சமூகங்களுக்குப் பயனுள்ளதாக ஆக்க முயன்றது அவர் ஏற்க மறுத்த குழு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் மைசூரின் கதை முழுமையாகாது. பட்டத்தின் மதிப்பு வகுப்பறைக்குள் உருவாவதோடு நின்றுவிடுவதில்லை. வேலையின் வாசலில் யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதும் அதை வகுக்கிறது.

மொழியும் வேலையும்: ஐதராபாத்தின் பாடம்

மைசூரை அடுத்துச் சமஸ்தானங்களில் எழுந்த இன்னொரு பல்கலைக்கழகம் ஐதராபாத்தின் உஸ்மானியா. 1918இல் நிறுவப்பட்ட இதன் பயிற்றுமொழி உருது. ஆங்கிலம் கட்டாயப் பாடமாக மட்டும் இருந்தது. பாடநூல்களை ஆக்குவதற்காகவே ஒரு மொழிபெயர்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. இந்திய மொழி ஒன்றில் அறிவியல் உட்பட உயர்கல்வி முழுவதையும் நடத்த முடியும் என்பதை அது செய்துகாட்டியது. அந்தப் பட்டத்துக்கு வேலை மதிப்பு இருந்ததற்குக் காரணம் எளிது: நிஜாம் அரசின் நிர்வாகமொழியும் உருதுதான். மக்களில் பெரும்பாலோர் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசியவர்கள் என்பது அந்த ஏற்பாட்டின் குறை. அது வேறு விவாதம்.

1948இல் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தில் இணைக்கப்பட்டது. உருதுவின் இடத்தில் ஆங்கிலம் பயிற்றுமொழியானது. பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய கலைச்சொற்களும் நூல்களும் ஓர் அரசு மாறியதும் பயனிழந்தன. அந்த நூல்களின் தரம் ஒரே நாளில் தாழ்ந்துவிடவில்லை. அவற்றை ஏற்றுக்கொண்ட அரசு இல்லாமற் போனது. பிராந்தியப் பல்கலைக்கழகத்தின் பட்டம் தன் மதிப்புக்கு எதைச் சார்ந்திருக்கிறது என்பதை இதைவிடக் கடுமையாக எந்த நிகழ்வும் உணர்த்தியதில்லை.

கணக்கில் வராத வரவு

வேலையை மட்டும் வைத்து எடைபோட்டால் மைசூரின் வரவுகளில் பாதி விடுபட்டுவிடும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை அங்கே தத்துவம் கற்பித்தார். அங்கிருந்துதான் கல்கத்தாவின் புகழ்பெற்ற பேராசிரியர் பதவிக்குச் சென்றார். தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் 1920களில் துணைவேந்தராக இருந்தார். மாநில எல்லைக்குள் இருந்த மாணவர், வீட்டுக்கு அருகிலேயே, நாட்டின் தலைசிறந்த அறிஞர்களிடம் பாடம் கேட்க முடிந்தது.

கே.வி. புட்டப்பா என்ற குவெம்பு 1929இல் அங்கே கன்னடத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மகாராஜா கல்லூரியில் விரிவுரையாளரானார். 1956 முதல் 1960 வரை துணைவேந்தராக இருந்தார். அப்பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களில் அந்தப் பதவிக்கு வந்த முதல்வர் அவரே. மானசகங்கோத்ரி வளாகத்துக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. கன்னடத்தில் அறிவியலைக் கற்பிக்கவும் அதற்கான நூல்களை எழுதுவிக்கவும் முயன்றார். ஆங்கிலம்-கன்னட அகராதி, பதிப்புகள், கிராமங்களுக்குச் சென்று ஆற்றிய விரிவாக்க உரைகள் என்று பல்கலைக்கழகம் செய்த பணிகளை எந்தத் தனி மாணவரின் சம்பளச் சீட்டிலும் காண முடியாது. ஒரு மொழிச் சமூகத்துக்கு இவை சொத்து. செலவு எழுதும் பேரேட்டில் இவற்றுக்குப் பக்கம் ஒதுக்கப்படவில்லை.

மைசூரின் பட்டத்தைப் படிக்கல்லாகக் கொண்டு வெளியுலகுக்குச் சென்றவர்களும் உண்டு. சி.என்.ஆர். ராவ் 1951இல் அங்கே பி.எஸ்ஸி. முடித்து, பின்னர் அமெரிக்காவின் பர்டூவில் முனைவர் பட்டம் பெற்றார். ஏ.கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தார். புனே டெக்கான் கல்லூரியில் மொழியியல் பயின்றார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1963இல் மொழியியல் முனைவரானார். சங்கக் கவிதைகளை ஆங்கில உலகுக்குக் கொண்டுசென்ற அந்தப் பயணம் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் வகுப்பறையில் தொடங்கியது. எனினும் இத்தகைய பெயர்களை அடுக்கி மாநிலப் பல்கலைக்கழகத்தின் மதிப்பை நிறுவிவிட முடியாது. வென்றவர்களின் பட்டியல் எல்லாக் காலத்திலும் கிடைக்கும். அதே வகுப்பில் அமர்ந்திருந்த மற்றவர்களுக்கு என்ன வாய்த்தது என்பதே நிறுவனத்தின் உண்மையான அளவுகோல். அந்தத் தலைமுறையில் மற்றவர்களுக்கும் பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகம் ஆகிய வாசல்கள் திறந்திருந்தன. அந்த வாசல்களில் அவர்களின் பட்டமே நுழைவுச்சீட்டாக இருந்தது.

முடிச்சு அவிழ்ந்த கதை

மைசூரில் கற்பித்த அதே ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் பல்கலைக்கழகக் கல்விக் குழு செயல்பட்டது. அரசுப் பணிக்குப் பல்கலைக்கழகப் பட்டத்தைக் கட்டாயத் தகுதியாக வைக்க வேண்டியதில்லை என்று அக்குழு கூறியது. வேலைக்காக மட்டும் மாணவர்கள் கூடுவதால் கல்வி கெடுகிறது என்ற கவலையே அதற்கு அடிப்படை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் குறிப்பிட்ட துறைகளில் பட்டத்தையும் வேலையையும் பிரிப்பது பற்றிப் பேசியது. அதற்கெனத் தேசியத் தேர்வு அமைப்பு ஒன்றையும் முன்மொழிந்தது.

இதற்கு இணையாக நிதியின் வழியும் மாறியது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் வலுப்பெற்ற பல்கலைக்கழக மானியக் குழு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பராமரிப்பு மானியம், வளர்ச்சி மானியம் இரண்டையும் வழங்கியது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வளர்ச்சி மானியம் மட்டுமே. ஆசிரியர் சம்பளமும் அன்றாடச் செலவும் மாநில அரசின் பொறுப்பு. 1976இல் 42ஆம் திருத்தத்தின் மூலம் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு நகர்ந்தது. அதிகாரம் பகிரப்பட்டது; சம்பளச் சுமை இருந்த இடத்திலேயே இருந்தது.

1990களில் கட்டணத்தின் முகமும் மாறியது. மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1992இல் ஆராய்ந்த கர்நாடக அரசின் அறிவிக்கை இதற்குச் சாட்சி. தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். கர்நாடகத்தைச் சேர்ந்த மற்றவருக்கு 25,000 ரூபாய் வரை. வெளி மாநிலத்தவருக்கு 60,000 ரூபாய் வரை. ஒரே வகுப்பறை, ஒரே பட்டம், மூன்று விலை. அதே காலத்தில் நீதிபதி புன்னய்யா குழு, மானியக் குழுவின் நிதியில் இயங்கும் நிறுவனங்கள் ஐந்து ஆண்டுகளில் தம் தொடர்செலவில் 15 விழுக்காட்டையும், பத்து ஆண்டுகளில் 25 விழுக்காட்டையும் தாமே திரட்ட வேண்டும் என்றது. கல்வியின் செலவில் ஒரு பகுதியைக் குடும்பம் ஏற்க வேண்டும் என்ற எண்ணம் கொள்கையின் மொழியாகிவிட்டது.

ஆசிரியர் பணியில் இதன் விளைவு நேரடியாகத் தெரிகிறது. 1989இல் தேசியத் தகுதித் தேர்வு, அதாவது நெட், தொடங்கியது. முதுகலைப் பட்டம் தேர்வெழுதுவதற்கான தகுதியாகச் சுருங்கியது. தேர்வே பணிக்கான தகுதியானது. மாநிலத் தகுதித் தேர்வுகளும் ஏற்கப்பட்டன. கர்நாடகத்தின் மாநிலத் தேர்வைப் பல ஆண்டுகள் மைசூர்ப் பல்கலைக்கழகமே நடத்தியது. தான் கொடுத்த பட்டத்தைத் தானே இன்னொரு தேர்வால் சோதிக்கும் நிலைக்குப் பல்கலைக்கழகம் வந்தது.

முனைவர் பட்டத்தின் நிலையும் இதுவே. 2018ஆம் ஆண்டு விதிகள், 2021 ஜூலை முதல் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்றன. பின்னர் அது 2023 ஜூலைக்குத் தள்ளிப்போனது. அந்த நாள் வந்தபோது கட்டாயம் நீக்கப்பட்டு, நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வே குறைந்தபட்சத் தகுதியாக அறிவிக்கப்பட்டது. 2018இல் ஆய்வைத் தொடங்கிய ஒருவர் ஆய்வேட்டை எழுதி முடிப்பதற்குள் அவருடைய பட்டத்தின் மதிப்பு இருமுறை மாறிவிட்டது. அவர் எழுதிய ஆய்வேட்டில் ஒரு வரிகூட இதனால் மாறவில்லை.

செலவின் பக்கமும் சமமாக இல்லை. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதைப் பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வு செய்பவருக்கு மாதம் 8,000 ரூபாய். அதை நிறுத்த 2015 அக்டோபரில் மானியக் குழு முடிவெடுத்தபோது தில்லியில் மாணவர்கள் அக்குழுவின் அலுவலக வாசலிலேயே பல நாள் போராடினார்கள். அந்த 8,000 ரூபாயும் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு உரியதாக இருந்ததில்லை. குறைந்த கட்டணம் உள்ள நிறுவனத்தில் படிப்பவர் உண்மையில் அதிக விலை கொடுக்கிறார். கட்டணமாகக் கொடுக்காததை ஊதியமற்ற ஆண்டுகளாகக் கொடுக்கிறார்.

மீண்டும் 1916இன் கேள்வி

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் 1996இல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்கும், கல்லூரிக்கு அனுப்பப்படாத பெண்களுக்கும் அது மலிவான வழியாக இருந்தது. 2012-13க்குப் பின் அதற்கு அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழு 2015இல் அறிவித்தது. 2018இல்தான் அங்கீகாரம் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பட்டம் பெற்றோர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் தம் சான்றிதழ் செல்லுமா என்று கேட்டு அலைய வேண்டியிருந்தது. நிர்வாகத்தின் பிழைக்கும் நெறிமுறையின் கண்டிப்புக்கும் விலை கொடுத்தவர் மாணவர்.

2022இல் கர்நாடகம் சட்டத்திருத்தத்தின் வழியாக ஏழு புதிய பல்கலைக்கழகங்களை உருவாக்கியது. அவற்றுள் ஹாசன், சாமராஜநகர் ஆகிய இரண்டும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையங்களாக இருந்தவை. 2025 பிப்ரவரியில் நிதிப் பற்றாக்குறையைச் சுட்டி, புதிய பல்கலைக்கழகங்களில் பலவற்றை மூடுவது குறித்து அமைச்சரவைத் துணைக்குழு ஆலோசித்தது; எதிர்ப்பும் எழுந்தது. போதிய ஆசிரியரும் நிதியும் இன்றிப் பெயர்ப்பலகையை மாட்டியது தவறு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் சாமராஜநகர் மாவட்டத்துப் பெண்ணொருத்தி முதுகலை படிக்க எவ்வளவு தூரம் போக வேண்டும் என்ற கேள்வியும் அதே மேசைமேல்தான் இருக்கிறது. 1916இல் சென்னையின் பட்டமே போதும், தனிப் பல்கலைக்கழகம் வீண் செலவு என்று வாதிட்டிருந்தால் அதுவும் வரவு செலவு நோக்கில் சரியாகவே இருந்திருக்கும்.

நிதி ஆயோக் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி இந்திய உயர்கல்வி மாணவர்களில் சுமார் 81 விழுக்காட்டினர் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களின் கீழ்ப் படிக்கிறார்கள். அங்கே ஆசிரியப் பணியிடங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் காலி என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. முனைவர் பட்டம் பெற்றவர்கள் வேலை தேடி அலைகிறார்கள். அவர்களுக்குப் பட்டம் கொடுத்த நிறுவனங்களில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. அந்த இடைவெளியைக் கௌரவ விரிவுரையாளர்கள் நிரப்புகிறார்கள். பட்டத்துக்கு மதிப்பில்லை என்று சந்தை சொல்வதற்கு முன், பட்டம் வழங்கிய அரசே தன் வாசலில் அதை ஏற்கத் தயங்குகிறது.

ஆகவே ஒரு மாணவர் மாநிலப் பல்கலைக்கழகத்தை எடைபோடும்போது கட்டணத்தை மட்டும் பார்த்தாலும் தரவரிசையை மட்டும் பார்த்தாலும் கணக்கு தவறும். துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், உதவித்தொகை எத்தனை பேருக்கு வருகிறது, முந்தைய ஐந்தாண்டு மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள், பட்டம் முடிய உண்மையில் எத்தனை ஆண்டு ஆகிறது ஆகிய நான்கையும் கேட்பது அவருடைய உரிமை. அவற்றுக்கான விடைகளைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. 1916இல் அந்தப் பொறுப்பை ஓர் அரசு ஏற்றுக்கொண்டது. படித்த தன் பிள்ளை வேறு மாகாணத்தின் ஊழியனாகிப் போவதைக் கண்ட ஒருவர் அப்போது அதன் திவானாக இருந்தார். அன்று அரசு சுமந்த செலவின் பெரும்பங்கு இன்று மாணவரின் இளமை ஆண்டுகளிலிருந்து வசூலாகிறது. அதற்கு இரசீதும் கிடையாது.